எக்செல்லா, நிறுவும் மென்பொருளா, மாதச் சந்தாவா, சொந்தமாக எழுதவைப்பதா? வளரும் சிறு தொழிலுக்கு ஓர் ஒப்பீடு

தொழிலில் மூன்று நான்கு பேர் இருக்கும்வரை பில், சரக்கிருப்பு, பாக்கி எல்லாம் ஒரு எக்செல் கோப்பிலும் முதலாளியின் தலையிலும் அடங்கிவிடும். எட்டுப் பத்துப் பேர் ஆனதும் திணறல் ஆரம்பிக்கிறது. கையிருப்பில் உள்ள ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு வாடிக்கையாளருக்கு விற்றுவிடுகிறார்கள். யாரிடம் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "கணக்கு பார்ப்பவர் ஒரு மென்பொருளை வாங்கி ஆபீஸ் கம்ப்யூட்டரில் போடச் சொல்கிறார். நண்பர் கிளவுடுக்குப் போகச் சொல்கிறார். தெரிந்த புரோகிராமர் உங்களுக்கென்றே எழுதித் தருகிறேன் என்கிறார். எக்செல்லே போதாதா என்றும் தோன்றுகிறது. எதை எடுப்பது?"

கூடவே இரண்டு மூன்று கொட்டேஷனும் கையில் இருக்கும். அவற்றை வரிசையாக வைத்து எது மலிவு என்று பார்ப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பழைய விவரங்களைப் புதிதில் ஏற்றும் உழைப்பு, ஆட்களுக்குப் பழக்கும் நாட்கள், முடங்கிய நேரத்தில் நின்றுபோன வியாபாரம், ஒத்துவராமல் போனால் வெளியே வரும் செலவு ஆகியவை எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது. இந்தக் கடைசிச் செலவைத்தான் யாரும் யோசிப்பதில்லை. நான் முதலில் பார்க்கச் சொல்வதும் அதைத்தான்.

## விலைக்கு முன் கேட்க வேண்டியவை

ஒரே விவரத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதுவார்கள்? எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது பெரிய விஷயமில்லை. இருபது பேர் பார்க்க, ஒருவர் மட்டும் எழுதும் பட்டியல் எதில் இருந்தாலும் ஓடும். பல பேர் மாற்றி மாற்றி எழுதும் சரக்கிருப்பு அப்படி ஓடாது.

எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும், எவ்வளவு விவரம் போனால் தாங்கும்? இவை இரண்டு தனிக் கேள்விகள். பில் போடும் இடம் அரை மணி நேரம் நின்றாலே வாடிக்கையாளர் திரும்பிப் போய்விடுவார். சம்பளக் கணக்கு இரண்டு நாள் திறக்காவிட்டாலும் சமாளிக்கலாம், ஆனால் அதில் ஒரு மாத விவரம் அழிந்தால் பெரிய சிக்கல். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பதிலையும் தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும்.

யார் பார்த்துக்கொள்வது? "எல்லாரும்" என்பது பதில் இல்லை. பேக்கப் எடுப்பது, அப்டேட் போடுவது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடுவது ஆகியவற்றுக்கு ஒரு ஆளின் பெயர் வேண்டும். அவர் லீவில் இருந்தால் இன்னொருவரின் பெயர் வேண்டும்.

மூன்று ஆண்டுகளில் மொத்தம் எவ்வளவு? இன்றைய ஆள் கணக்கை வைத்துப் போடக் கூடாது. மூன்றாம் ஆண்டு எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்களோ அதை வைத்துப் போட வேண்டும்.

வெளியே வர வழி என்ன? நாளை வேறொன்றுக்கு மாறினால், உள்ளே போட்ட விவரம் முழுவதும், ஒன்றோடொன்று உள்ள தொடர்பு அறாமல், வேறு மென்பொருள் படிக்கும் வடிவத்தில் திரும்பக் கிடைக்குமா?

## எக்செல், கூகுள் ஷீட்ஸ்

இதை அவசரப்பட்டுக் கைவிடுபவர்கள் நிறைய. ஒரு வேலையில் எதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்றே இன்னும் தெளிவாகாதபோது, விரிதாளைவிட நல்ல கருவி கிடையாது. இன்று ஒரு பத்தி, அதாவது நெடுவரிசை, சேர்க்கலாம், நாளை நீக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புதிதாக ஆரம்பித்த சேவையின் முதல் ஆறு மாதத்தை இதில் ஓட்டிப் பார்ப்பது, தப்பான மென்பொருளை வாங்குவதிலிருந்து காப்பாற்றும்.

இது உடைவது அளவால் அல்ல. இன்றைய எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிசைகள் கொள்ளும். கூகுள் ஷீட்ஸில் 1 கோடி கட்டங்கள். பெரும்பாலான சிறு தொழில்கள் அந்த எல்லையைத் தொடவே தொடாது. சிக்கல், எக்செல் சத்தமில்லாமல் தவறு செய்வதில் இருக்கிறது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனா உறுதியான சுமார் 16,000 பேரின் விவரம் கணக்கில் வராமல் போனதைக் கண்டுபிடித்தது. 65,536 வரிசை மட்டுமே கொள்ளும் பழைய எக்செல் வடிவத்தில் விவரங்களை ஏற்றியதால், மிச்சம் விடுபட்டுப்போனது. ஒரு வாரம் வரை யாருக்கும் தெரியவில்லை.

அதே மாதிரிச் சத்தமில்லாத தவறைச் சின்ன அளவில் நீங்களே பார்க்கலாம். புதிய எக்செல் தாளில் 00457 என்று பொருள் எண்ணைத் தட்டுங்கள். 457 என்று நிற்கும். 16 இலக்க எண் ஒன்றைத் தட்டுங்கள். கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 3-11 என்ற அளவுக் குறியீடு தேதியாகிவிடும். பணம் அனுப்பும் கணக்கு எண்களை இப்படி ஒரு தாளில் ஒட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவைத்தால் தப்பிக்கலாம். ஆனால் அது தாளை உருவாக்கியவருக்குத் தெரியும், புதிதாகச் சேர்ந்தவருக்குத் தெரியாது. இன்னொன்று: ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டால், பெயர் ஒரு பக்கமும் பாக்கி ஒரு பக்கமும் போய்விடும். தாள் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

"ஸ்டாக் பைனல்", "ஸ்டாக் பைனல் புதுசு" என்று கோப்புகள் பெருகும் தொல்லையை கூகுள் ஷீட்ஸும் எக்செல்லின் ஆன்லைன் பதிப்பும் தீர்த்துவிட்டன. யார் எப்போது மாற்றினார் என்ற வரலாறும் கிடைக்கிறது. ஆனால் அவை தீர்க்காத ஒன்று உண்டு. இருப்பு 4 என்று இருவர் திரையிலும் தெரிகிறது. இருவரும் ஆளுக்கு 3 என்று ஆர்டர் எழுதுகிறார்கள். விரிதாள் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். இருப்பைக் காக்க ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள், முதல் ஆர்டரை ஏற்றுக்கொண்டு, இரண்டாவதற்கு "இருப்பு 1 மட்டுமே" என்று மறுக்கும். விரிதாளை விட்டு வெளியேற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் இதுதான்: உங்களுக்கு "முடியாது" என்று சொல்லும் ஒன்று தேவைப்படுகிறதா?

எழுதுபவர்கள் இரண்டு மூன்று பேருக்குள் இருந்தால், வேலையின் முறை இன்னும் மாறிக்கொண்டிருந்தால், விலை போட்டுப் பார்க்கும் கணக்குகளுக்கு என்றால், இதிலேயே இருங்கள். வெளியேறும் செலவு ஏறக்குறைய இல்லை என்பதும் இதன் பெரிய பலம்.

## ஆபீஸ் கம்ப்யூட்டரில் நிறுவும் மென்பொருள்

ஒரு முறை லைசென்ஸ் வாங்கி, ஒரு கம்ப்யூட்டரிலோ உள் நெட்வொர்க்கில் உள்ள ஒரு சர்வரிலோ போட்டுக்கொள்வது. இன்டர்நெட் போனாலும் பில் ஓடும். விசைப்பலகையிலேயே சடசடவென்று வேலை நடக்கும். ஆள் கூடினாலும் செலவு அதே வேகத்தில் கூடாது. விவரம் உங்கள் சுவருக்குள்ளேயே இருக்கும்.

அந்தச் சுவருக்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்பது மறுபக்கம். கம்ப்யூட்டர், யுபிஎஸ், ஹார்ட் டிஸ்க், அப்டேட், வைரஸ் பாதுகாப்பு, சப்போர்ட்டுக்கான ஆண்டுக் கட்டணம் எல்லாம் தனி. இயங்குதளத்துக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. பழைய மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது என்பதற்காகப் பழைய கம்ப்யூட்டரையே நெட்டில் இணைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் மாதமே மைக்ரோசாப்டிலிருந்து வந்திருந்தது. போடாதவர்களின் கம்ப்யூட்டர்கள்தான் விழுந்தன. இங்கே "யார் பார்த்துக்கொள்வது" என்ற கேள்விக்குப் பெயர் இல்லை என்றால், இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேக்கப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 3-2-1 என்றொரு பழைய விதி இருக்கிறது, பீட்டர் கிராக் என்ற புகைப்படக்காரர் பரவலாக்கியது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கம்ப்யூட்டரிலேயே எப்போதும் செருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கை நம்பி இருக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டும். இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடும் பேக்கப் ஆகாது, தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும்.

பேக்கப் எடுப்பது பாதி வேலைதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் முக்கிய டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், பல ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் கைகொடுக்கவில்லை. அன்றாட பேக்கப் பல நாட்களாகவே தோற்றுக்கொண்டிருந்தது. அது தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. மென்பொருளே தொழிலாக உள்ள நிறுவனத்துக்கே இந்த நிலை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, போன வாரம் கடைசியாகப் போட்ட பில் அதில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். ஒரு மணி நேர வேலை.

அப்புறம், "ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் நம்முடையது" என்ற நம்பிக்கையையும் அளந்து வைக்க வேண்டும். அடோபி 2013ல் தன் வடிவமைப்பு மென்பொருட்களைச் சந்தாவுக்கு மாற்றியது. சர்வர்களுக்கான மென்பொருள் விற்கும் விஎம்வேர், பிராட்காம் நிறுவனம் அதை வாங்கிய பிறகு, 2023 டிசம்பரில் நிரந்தர லைசென்ஸ் விற்பதையே நிறுத்தியது. கையில் உள்ளது ஓடும். அடுத்த பதிப்பு எப்படி வரும் என்பது விற்பவர் கையில்.

இன்டர்நெட் நம்ப முடியாத இடம், ஒரே வளாகம், ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாத பில் கவுண்டர், அடிக்கடி மாறும் ஆட்கள், கூப்பிட்டால் வரும் ஒரு டெக்னீஷியன் ஆகியவை சேர்ந்து அமைந்தால் இது மிக நல்ல தேர்வு.

## மாதச் சந்தா கட்டும் கிளவுட்

மென்பொருளும் விவரமும் விற்பவரின் சர்வரில் இருக்கும், நீங்கள் இன்டர்நெட் வழியாகப் பயன்படுத்துவீர்கள். இன்று காலை பதிவு செய்து மதியம் பில் போடலாம். சர்வர், பேட்ச், கெட்டுப்போகும் டிஸ்க் எல்லாம் அவர்கள் பாடு. இரண்டாவது கிளை திறந்தாலும், விற்பனையாளர் வெளியூரில் இருந்தாலும் அதே விவரம். தொழில்நுட்பம் பார்க்க ஆள் இல்லாத சிறு நிறுவனத்துக்கு இது உண்மையிலேயே பெரிய விடுதலை. அதற்காகவே பெரும்பாலோருக்கு இந்தப் பக்கம்தான் கைகாட்டுகிறேன். ஆனால் மறைந்திருக்கும் செலவுகளும் இங்கேதான் அதிகம்.

ஆள் கணக்கு. கட்டணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று இருக்கும். 5 பேராக இருந்தவர்கள் 12 பேர் ஆனால், விலை ஏறாமலேயே செலவு 2.4 மடங்கு. அதோடு, வளரும்போது தேவைப்படும் வசதி, உதாரணமாக இரண்டாவது கிடங்கு அல்லது மேலாளர் ஒப்புதல், அடுத்த உயர் திட்டத்தில் இருக்கும். அதற்கு மாறினால் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் மாற முடியாது, எல்லோருக்குமே மாற வேண்டும். மூன்றாண்டுச் செலவைப் போடும்போது இந்த உயர் திட்டத்தின் விலையை வைத்தே போடுங்கள்.

செலவைக் குறைக்க நான்கு பேர் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்வதை நிறைய இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். விலையைக் குறைத்து பில் போட்டது யார் என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே பாஸ்வேர்டை மாற்றி மூன்று பேருக்குச் சொல்ல வேண்டும், அதை யாரும் செய்வதில்லை.

முடக்கம். 99.9 சதவீதம் ஓடும் என்று உறுதி தருவார்கள். அது ஆண்டுக்கு சுமார் 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். அது உங்கள் பரபரப்பான நாளில் வரக் கூடாது என்று எந்த ஒப்பந்தமும் சொல்லாது. நின்றால் கிடைக்கும் இழப்பீடும் பெரும்பாலும் சந்தாவில் கொஞ்சம் கழிவுதான், போன வியாபாரத்துக்கு இல்லை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் ஒருவர் தட்டிய கட்டளையில் நேர்ந்த பிழையால் சுமார் நான்கு மணி நேரம் எண்ணற்ற இணையதளங்கள் தடுமாறின. "சேவை சரியாக உள்ளதா" என்று காட்டும் அமேசானின் பக்கமே அதே எஸ்3யை நம்பியிருந்ததால், அதையும் உடனே திருத்த முடியவில்லை. ஆகவே மொபைல் வழி இரண்டாவது இணைப்பு ஒன்றும், கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்றும் செலவில் சேர வேண்டும்.

பேக்கப். "கிளவுடில் இருக்கிறது, பத்திரம்" என்பது பாதி உண்மை. அவர்களுடைய டிஸ்க் கெட்டால் அவர்கள் காப்பாற்றுவார்கள். உங்கள் ஆள் இருநூறு வாடிக்கையாளர்களை அழித்துவிட்டால், குப்பைத் தொட்டியில் இத்தனை நாள் இருக்கும் என்ற வரையறைக்குள்தான் மீட்க முடியும். 2021 மார்ச் 10ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து அழிந்தது. வேறிடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் விவரத்தை இழந்தார்கள். அதைவிடக் கொடியது 2014ல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நேர்ந்தது. அவர்களுடைய அமேசான் கட்டுப்பாட்டுக் கணக்குக்குள் ஒருவன் நுழைந்து விவரங்களையும் பேக்கப்களையும் சேர்த்தே அழித்தான், ஏனென்றால் இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்தன. நிறுவனமே மூடப்பட்டது. நிர்வாகிக் கணக்குக்கு இரண்டு படிச் சரிபார்ப்பு கட்டாயம். மாதம் ஒரு முறை முழு விவரத்தையும் இறக்கி, அந்தக் கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வையுங்கள்.

வெளியேறுவது. பணம் கட்டுவதற்கு முன், இலவசச் சோதனைக் காலத்திலேயே இதைச் செய்துவிடலாம். நிஜமான ஐந்து பில்களை உள்ளே போடுங்கள். அதில் ஒன்று பாதிப் பணம் மட்டும் வந்ததாக, ஒன்று சரக்கு திரும்பி வந்ததாக, ஒன்றில் படமோ ரசீதோ இணைத்ததாக இருக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக, அதாவது எந்த விரிதாளிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பாக, வெளியே எடுங்கள். அதைத் திறந்து இவற்றைப் பாருங்கள்: பில்லின் மொத்தத் தொகை மட்டும் வந்திருக்கிறதா, அதில் உள்ள ஒவ்வொரு பொருளும் வந்திருக்கிறதா? வந்த பணம் எந்த பில்லுக்கு என்ற எண் இருக்கிறதா? திரும்பி வந்த சரக்கு பழைய பில்லோடு சேர்ந்திருக்கிறதா? இணைத்த படங்கள் எங்கே? பிடிஎஃப் ஆகத்தான் கிடைக்கும் என்றால் அது படிக்க மட்டும்தான் உதவும், வேறு மென்பொருளில் ஏற்ற உதவாது. வாடிக்கையாளர் பட்டியலும் மொத்தத் தொகைகளும் மட்டும் வருகின்றன என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மென்பொருளை நான் எடுக்க மாட்டேன். மூன்று ஆண்டு கழித்து விலையை இரட்டிப்பாக்கினாலும் கட்டித்தான் ஆக வேண்டிய நிலையில் நீங்கள் இருப்பீர்கள்.

சந்தாவை நிறுத்தினால் எத்தனை நாள் விவரத்தை வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கணக்கை நிறுவனத்தின் பொது மின்னஞ்சலில் தொடங்குங்கள். ஊழியரின் சொந்த மின்னஞ்சலிலோ, அமைத்துத் தந்தவரின் பெயரிலோ வேண்டாம்.

## நமக்கென்றே எழுதவைப்பது

உங்கள் வேலை முறையே வாடிக்கையாளர் உங்களிடம் வருவதற்குக் காரணமாக இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். வேறு யாரும் செய்யாத விதத்தில் ஆர்டரைப் பிரித்து, திட்டமிட்டு, அனுப்புகிறீர்கள் என்றால் அதற்கு ஆயத்த மென்பொருள் பொருந்தாது. பில்லும் சம்பளமும் உலகம் முழுக்க உள்ள வேலை. அதைப் புதிதாக எழுதவைப்பது வீண்.

கொட்டேஷனில் உள்ளது முதல் பதிப்பின் விலை. அதற்குப் பிறகு வரி விதி மாறும், மொபைல் மாறும், பணம் வாங்கும் சேவை தன் இணைப்பு முறையை மாற்றும். ஒவ்வொரு முறையும் யாராவது நிரலைத் திறந்து திருத்த வேண்டும். எழுதியவர் ஒரே ஆள் என்றால், அவருக்கு வேறு நல்ல வேலை கிடைத்த நாளில் உங்கள் மென்பொருள் அப்படியே நின்றுவிடும். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: மூலநிரல் உங்கள் பெயரில் உள்ள கணக்கில், வேலை நடக்கும்போதே ஏறிக்கொண்டிருக்க வேண்டும். சர்வரும் இணைய முகவரியும் உங்கள் பெயரில். நிரலின் உரிமை உங்களுக்கு. வெறும் கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பித்து இதை ஓடவைப்பது எப்படி என்ற குறிப்பு ஒன்று. கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் வேறொரு புரோகிராமரை அழைத்து, அந்தக் குறிப்பை மட்டும் வைத்து நிறுவச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால் பணத்தைக் கொடுங்கள்.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. பில், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் பார்க்கும் இஆர்பிநெக்ஸ்ட், ஓடூவின் கம்யூனிட்டி பதிப்பு போன்ற திறந்தமூல மென்பொருட்களுக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை, நிரலும் திறந்தே இருக்கிறது. நிறுவி, பழக்கி, அடுத்தடுத்த பதிப்புக்கு ஏற்றுவதற்கு ஆள் கூலி ஆகும். அதை உங்கள் இஷ்டத்துக்கு நிறைய வெட்டி ஒட்டினால் அடுத்த பதிப்புக்கு ஏறுவது கடினமாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

## பக்கத்தில் பக்கமாக

| | எக்செல், ஷீட்ஸ் | நிறுவும் மென்பொருள் | மாதச் சந்தா | சொந்தமாக எழுதுவது |
|---|---|---|---|---|
| ஒரே நேரத்தில் எழுதுவோர் | 2, 3 பேர் வரை நிம்மதி | ஒரே வளாகத்தில் பலர் | பல இடங்களில் பலர் | எழுதும் விதத்தைப் பொறுத்தது |
| தொடக்கச் செலவு | மிகக் குறைவு | அதிகம் | குறைவு | மிக அதிகம் |
| ஆள் கூடினால் | செலவு கூடாது, குழப்பம் கூடும் | கொஞ்சம் கூடும் | தலைக்குத் தலை கூடும் | அதிகம் கூடாது |
| நெட் இல்லாவிட்டால் | கம்ப்யூட்டரில் உள்ள எக்செல் ஓடும் | ஓடும் | பெரும்பாலும் நிற்கும் | அமைப்பைப் பொறுத்தது |
| பேக்கப் | உங்கள் பொறுப்பு | உங்கள் பொறுப்பு | பாதி அவர்கள், பாதி நீங்கள் | உங்கள் பொறுப்பு |
| வெளியே வருவது | மிக எளிது | மென்பொருளைப் பொறுத்தது | சோதித்துப் பார்த்த பிறகே சொல்ல முடியும் | நிரல் கையில் இருந்தால் எளிது |

## ஒன்றையே எடுக்க வேண்டியதில்லை

ஐந்திலிருந்து இருபது பேர் வரை உள்ள, வளர்ந்துகொண்டிருக்கும் நிறுவனத்துக்கு நான் சொல்வது இந்த வரிசை. பில், கணக்கு, மின்னஞ்சல் மூன்றுக்கும் ஆயத்தச் சந்தா. இன்டர்நெட் நம்ப முடியாத இடமென்றால் பில்லுக்கு மட்டும் நிறுவும் மென்பொருள். உங்களுக்கே உரிய தனி வேலையை ஓராண்டு விரிதாளில் ஓட்டுங்கள். ஓராண்டுக்குப் பிறகும் அதே பத்திகள் மாறாமல் நின்றால், அந்த ஒரு பகுதியை மட்டும் எழுதவையுங்கள். எழுதுபவருக்கு அந்த விரிதாளைவிடத் தெளிவான விளக்கம் தேவைப்படாது. எழுதவைத்த பகுதி பிறகு சந்தா மென்பொருளோடு சேர்ந்து ஓட வேண்டும். ஆகவே சந்தா மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே, வெளி மென்பொருள் அதனோடு பேச வழி, அதாவது ஏபிஐ, நீங்கள் கட்டும் திட்டத்திலேயே இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். பல இடங்களில் அது உயர் திட்டத்தில்தான் இருக்கும்.

இப்படிக் கலந்து வைத்தால் ஒரு கட்டுப்பாடு அவசியம். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரே ஒரு வீடு. வாடிக்கையாளரின் முகவரி பில் மென்பொருளில்தான் திருத்தப்படும் என்றால், விரிதாளில் அதைத் தட்டக் கூடாது, அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த விவரம் எங்கே பிறக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

## மாறும் நாள்

எதைத் தேர்ந்தெடுத்தாலும், எப்போது மாறுகிறீர்கள் என்பது பாதி வெற்றி. 1999ல் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம், இனிப்பு மிக அதிகமாக விற்கும் ஹாலோவீன் சீசனுக்குச் சில மாதங்கள் முன்பு, எஸ்ஏபி உள்ளிட்ட மூன்று மென்பொருட்களுக்கு ஒரே மூச்சில் மாறியது. கிடங்கில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. சிறு தொழிலுக்கும் இதே கணக்குதான்: வியாபாரம் மந்தமாக இருக்கும் மாதத்தில் மாறுங்கள், முடிந்தால் கணக்காண்டின் தொடக்கத்தில். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள் மட்டும்.

பழையது எல்லாவற்றையும் புதியதில் ஏற்ற நினைப்பதுதான் வேலையை மாதக்கணக்கில் இழுக்கும். தொடக்க இருப்புத் தொகைகள், இன்னும் பணம் வராத பில்கள், கடந்த ஓராண்டில் வாங்கிய வாடிக்கையாளர்கள், கையால் எண்ணிப் பார்த்த சரக்கு, இவ்வளவு போதும். ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே ஒன்றாக்கிவிடுங்கள், பிறகு செய்வது பல மடங்கு கடினம். முதல் இரண்டு வாரம் நாள் முடிவில் மொத்தத் தொகையைப் பழைய முறையிலும் போட்டு ஒத்துப் பாருங்கள். ஒவ்வொரு பில்லையும் இரண்டிலும் எழுதவைத்தால் ஆட்கள் நான்காம் நாளே பழையதற்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்த இரண்டு வாரம் முடியும் தேதியை முன்பே அறிவித்துவிடுங்கள். அன்று மாலை, பழைய கோப்பைப் பார்க்க மட்டும் முடியும்படி பூட்டி, இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, பூட்டைத் திறக்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.